அடியிலிருந்து வெட்டிய மூன்று வாக்கியங்கள்

காலை ஆறு பத்து. மஞ்சக்குட்டையிலிருந்து வந்த முதல் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து அக்கா இறங்கியபோது முதலில் என் கண்ணில் பட்டது அவள் கீழுதட்டின் இடது ஓரத்தில் இருந்த கொப்புளங்கள். மூன்று இருந்தன. ஒன்று உடைந்து பொருக்குத் தட்டியிருந்தது. தலையைச் சுற்றி மாமாவின் மப்ளர், கக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைல், ஃபைலுக்குள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நீள நோட்டு.

"வந்திருச்சு பாத்தியா சாமி," என்று விரலை உதட்டருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

"என்னக்கா இது? காய்ச்சலா?"

"காய்ச்சலு முந்தாநேத்தே உட்டுருச்சு. இது தங்கிருச்சு."

சிரித்தாள். சிரித்தால் உடைந்த கொப்புளம் இழுக்கும், வலிக்கும். அப்படியும் சிரித்தாள். ஏற்காட்டில் அது பிப்ரவரி மாதத்துக் காலை. ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி பஸ் நிற்கும் இடத்தை மூடியிருந்தது. நாலைந்து மாதமாக அவள் முகத்தில் பார்க்காத ஒன்றை அந்தப் பனியில் பார்த்தேன். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது பஸ் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் இருந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மஞ்சக்குட்டையில் அவளுக்கும் மாமாவுக்கும் இரண்டு ஏக்கர் காப்பி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. மாமா ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஏற்காடு டவுனில் குடியிருந்துகொண்டு தினமும் சேலத்துக்கு இறங்கி ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக வேலை பார்த்தேன். வாரம் ஒரு நாள் வரும் உடல்நலப் பக்கம் என் பொறுப்பு.

முந்தைய அக்டோபரில் அவளுடைய வலது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று உறுதியானது. சேலத்தில் பார்த்த டாக்டர் நாற்பது வயதுப் பெண். தேவையில்லாமல் பேசாதவர். ஹார்மோன் மாத்திரைகள் எடுபடாத வகை இது, ஆனால் கீமோவுக்கு நன்றாகக் கேட்கும் என்றார். முதலில் கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு. கட்டி சுருங்கியதும் ஆபரேஷன். வேறெங்கும் பரவவில்லை. "முழுசாக் குணமாக்கத்தான் பாக்கறோமுங்க," என்றார். அந்த வாக்கியத்தை நான் அப்படியே குறித்துவைத்துக்கொண்டேன். தொழில் பழக்கம்.

முதல் இரண்டு கீமோவுக்கும் நான் கூடப் போனேன். இரண்டு முறையும் மலை ஏறும்போது பாலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவதற்கு முன்பே முடி கொட்டிவிட்டது. ரத்த அணுக்கள் குறைந்திருந்ததால் அந்த இரண்டாவது கீமோ பத்து நாள் தள்ளிப்போனது. மூன்றாவதற்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாமாவுக்குத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பு, வந்த ஆட்களை விட்டு நகர முடியாது. "நானென்ன கொழந்தையா? போயிட்டு வரத் தெரியாதா?" என்று அக்கா தனியாகப் போனாள். அன்று மாலை போன் செய்தேன். "அணு கொறஞ்சிருச்சாமா சாமி. தள்ளிப் போட்டுட்டாங்க," என்றாள். அடுத்த முறையும் அதையே சொன்னாள். ஏற்கெனவே ஒரு முறை உண்மையாக நடந்ததுதான் என்பதால் நம்பினேன். ஒரு தகவலை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று முப்பது வருடமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிவந்தவன், டாக்டருக்கு ஒரு போன் செய்யவில்லை.

அந்தக் காலை பஸ்ஸில் கூட்டம் இல்லை. கண்டக்டருக்கு அக்காவைத் தெரியும்.

"ஏனுங்கக்கா, ஜன்னலோரம் ஒக்காருங்க. அன்னிக்கு மல ஏறறப்ப நீங்க படுத்தின பாட்டுல எம் பேக்கு நனையாமத் தப்பிச்சது சாமி புண்ணியம்."

"அட போப்பா. இன்னிக்கு நான் கீமோக்காரி இல்ல. மகராணியாட்டம் வாரேன்."

"அப்ப மகராணிக்கு டிக்கெட்டு வேண்டாமுங்களா?"

"எந்தம்பி எடுப்பான். பேப்பர்க்காரன். உன்னையும் பேப்பர்ல போட்டுருவான், சாக்கிரத."

வளைவுகளில் பஸ் இறங்கத் தொடங்கியதும் அவள் ஃபைலிலிருந்து நோட்டை உருவினாள். மாமா எஸ்டேட்டில் இருந்த காலத்தில் ஆள் வருகை போட்டது போக மிச்சமான நோட்டு. அதில் அவள் என்னுடைய உடல்நலப் பக்கங்களை வெட்டி ஒட்டிவருவது எனக்குத் தெரியும். முழங்கால் வலி, சர்க்கரை, கண்புரை. யாராவது அதைப் பற்றிச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்திருக்கிறது. அவள் பிரித்துக் காட்டிய பக்கத்தில் இருந்தது முந்தைய மே மாதம் வந்த செய்தி. தலைப்பு நான் வைத்தது: 'புற்றுநோயைத் தின்னும் வைரஸ்'.

"இத நெனப்பிருக்குதா?"

எனக்கு நினைவில்லை. வாரத்துக்கு ஐந்தாறு செய்திகள் அந்தப் பக்கத்தில் போகும்.

அவள் விளக்கினாள். வரிசையாக, தேதி பிசகாமல் விளக்கினாள். முதல் கீமோ முடிந்த எட்டாம் நாள் உதட்டில் கொப்புளம் வந்தது. ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் ஒருவர் பார்த்து, இது உதட்டில் கொப்புளம் கிளப்பும் வைரஸ், பயப்படாதீர்கள் என்று மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினாள். செய்தியில் அதுவேதான் இருந்தது. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் வைரஸைக்கொண்டு புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் முறை. வைரஸ் அந்தச் செல்லுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்க வைத்து, பக்கத்துச் செல்லுக்குத் தாவும். அதைப் பார்த்து உடலின் எதிர்ப்புச் சக்தியும் விழித்துக்கொள்ளும். அவள் குளிக்கும்போது கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சுருங்கியிருந்தது. மாத்திரையைச் சாக்கடையில் போட்டாள். இரண்டாவது கீமோவுக்குப் பிறகும் கொப்புளம் வந்தது. கட்டி இன்னும் சுருங்கியது.

"அப்பத்தான் யோசிச்சேன். கீமோ எல்லாத்தையும் கொல்லுது. மயிரக் கொல்லுது, நெகத்தக் கொல்லுது. இந்த வைரஸ மட்டும் உட்டு வெக்குமா? உள்ள வேல செய்யறவன நாமளே வெசம் வெச்சுக் கொல்லறதா?"

"அதனால?"

"அதனால ஊத்திக்கல."

மூன்றாவது கீமோ அன்று அவள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீ குடித்து, அடுத்த ஏற்காடு பஸ்ஸில் ஏறித் திரும்பியிருக்கிறாள். நான்காவதற்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. ஆனால் டிசம்பரில் கொப்புளம் ஆறிவிட்டது. ஜனவரியில் கட்டி மறுபடி கைக்குத் தட்டுப்பட்டது. அவளுக்குப் பயம் வந்தது. வைரஸ் போய்விட்டது என்றுதான் பயந்தாள். காத்திருந்தாள். இப்போது சளிக்காய்ச்சலோடு மூன்று கொப்புளங்கள் வந்துவிட்டன. அவற்றை டாக்டருக்குக் காட்டத்தான் இந்தப் பயணம்.

"எதுக்குக்கா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா மாமாகிட்டச் சொல்லுவ. அவரு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவாரு. முடிஞ்சப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். நீ போட்டது பலிச்சிருச்சுன்னு உனக்கும் நொம்ப சந்தோசமா இருக்குமில்ல."

நான் நோட்டை வாங்கிச் செய்தியை முழுக்கப் படித்தேன். ஒன்றரைப் பத்தி நீளம். வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. எழுத்துப் பிழை இல்லை. கடைசி வரி, எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது என்று முடிந்திருந்தது. அங்கே முடியக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அடிவாரம் வந்துவிட்டது.

டாக்டர் முதலில் கேட்டது கீமோவைப் பற்றித்தான்.

"ஏனுங்கம்மா, ரெண்டோட நிறுத்திட்டீங்களே? எத்தனை தடவ போன் பண்ணினோம்?"

"ஊத்துனா அது செத்துப்போயிருமுங்களே."

"எது?"

"வைரஸுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அக்கா நோட்டைப் பிரித்து மேசையில் வைத்து, அவர் பக்கமாகத் திருப்பிவிட்டாள். அவர் படித்து முடிக்கும் வரை, பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு நிற்பவள் மாதிரி இருந்தாள்.

"யாரு எழுதுனது இது?"

"எந்தம்பிதானுங்க. இவந்தான்." என் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க சார்," என்றார் டாக்டர். நோட்டை மூடவில்லை. செய்தி முடிந்த இடத்துக்குக் கீழே விரலை வைத்தார். "இதோட அடி எங்கே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, கட்டியச் சுருக்கினது கீமோ. அதே கீமோ உடம்போட காவலையும் குறைச்சுது. காவல் குறைஞ்சதும், ரொம்ப நாளா உள்ள சும்மா படுத்திருந்த வைரஸ் உதட்டுக்கு வந்துச்சு. ரெண்டும் ஒரே மருந்தால நடந்துது. அதனால ஒண்ணா நடந்துது. கொப்புளத்துக்கும் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யுங்களா?"

"பொய் இல்லீங்க. அது வேற வைரஸ். இதே வகைதான், ஆனா ஆராய்ச்சிக்கூடத்துல மாத்திச் செஞ்சது. நல்ல செல்ல விட்டுட்டுப் புற்றுநோய்ச் செல்லுல மட்டும் பெருகற மாதிரி. அத ஊசியில எடுத்துக் கட்டிக்குள்ளயே போடறாங்க. வெளிநாட்டுல ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்குப் பயன்படுத்தறாங்க. மார்புல வர்றதுக்கு இன்னும் சோதனைதான் நடக்குது. கீமோவோட சேத்துக் குடுத்துப் பாக்கறாங்க."

"கீமோவோட சேத்துங்களா?"

"ஆமாங்க. சேத்துத்தான்."

அக்கா உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மப்ளரை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அதை எடுக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். நான்கு நாளில் முடிவு வந்தது. ஈரலில் இரண்டு இடம். நுரையீரலில் சில புள்ளிகள். அக்டோபர் மாதத்து ஸ்கேனில் அவை இல்லை. டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். "இனிமே கட்டுக்குள்ள வெக்கத்தான் பாக்க முடியுமுங்க சார்," என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். அக்டோபரில் குறித்ததும் இதுவும் ஒரே பாக்கெட் நோட்டில் இருந்தன, நடுவில் பன்னிரண்டு பக்கம் இடைவெளி.

ஒரு செய்தி எப்படி அடியில் வெட்டுப்படுகிறது என்று சொல்ல வேண்டும். செய்தி ஏஜென்சிக்காரர்கள் முக்கியமானதை மேலே வைத்து எழுதுவார்கள். அடுத்த முக்கியம் அதற்குக் கீழே. இப்படியே இறங்கி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது கடைசியில். இடம் போதவில்லை என்றால் பக்கம் போடுகிறவன் யோசிக்க வேண்டியதில்லை, அடியிலிருந்து வெட்டலாம். தீ விபத்துக்கு அது சரி. மாநகராட்சிக் கூட்டத்துக்கும் சரி. மருத்துவச் செய்தியில் அடியில் இருப்பது எது என்று எனக்குத் தெரியும். இன்னும் உறுதியாகவில்லை, இன்னும் வரவில்லை, மருந்தை நிறுத்தாதீர்கள் – இவையெல்லாம் எப்போதும் அடியில்தான் இருக்கும். அதிசயம் மேலே இருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனை அடிகளை வெட்டியிருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை.

ஸ்கேன் முடிவு வந்த மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த மே மாதத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். வெட்டுவதற்கு முந்தைய பிரதியும் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கம் முடிந்திருக்கிறது. மூன்றரைக்கு விளம்பரப் பிரிவிலிருந்து, ஏற்கெனவே கொடுத்த விளம்பரத்தைப் பெரிதாக்கச் சொல்லி வந்திருக்கிறது. மூன்று நாற்பதுக்கு நான் மூன்று வாக்கியங்களை எடுத்திருக்கிறேன். என் பெயரோடு நேரமும் அதில் பதிவாகியிருந்தது. எடுத்த வாக்கியங்கள் இவை:

'இந்த வைரஸ் ஆய்வகத்தில் மரபணு மாற்றம் செய்யப்பட்டு, ஊசி மூலம் கட்டிக்குள் செலுத்தப்படுகிறது. இயல்பாக உடலில் இருக்கும் வைரஸ் புற்றுநோயை அழிப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சை இன்னும் சோதனைக் கட்டத்திலேயே உள்ளதால், நோயாளிகள் தற்போதைய சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.'

முப்பத்திரண்டு சொற்கள். இதை மொழிபெயர்த்ததும் நான்தான்.

ஆசிரியரிடம் போய் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன். அவர் பக்கத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"எந்த வரிங்க தப்பு?"

"எந்த வரியும் தப்பில்லைங்க."

"பின்ன எதத் திருத்தறது?"

"விட்டுப்போனத."

"விட்டுப்போனதயெல்லாம் போடணும்னா தெனமும் இன்னொரு பேப்பர் அடிக்கணுமுங்க." சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு, அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எத்தனை நாள் வேண்டுமானாலும் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாவது கீமோவுக்கு விடுப்பு மறுத்ததும் அவர்தான். அப்போது அவருக்கு விஷயம் தெரியாது. நான் காரணம் சொல்லாமல் கேட்டிருந்தேன்.

அந்த வைரஸ் சோதனையில் அக்காவைச் சேர்க்க முடியுமா என்று பார்த்தேன். வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கும் சில இடங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பினேன். ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. மரியாதையான பதில். அவர்கள் சேர்த்துக்கொள்வது வேறெங்கும் பரவாத, ஆபரேஷனுக்கு முன்பு கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் நோயாளிகளை மட்டும். அதாவது நவம்பர் மாதத்து அக்காவை. அவர்கள் ஊரிலேயே இருப்பவராகவும் இருக்க வேண்டும். டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். "மருந்து வருமுங்க சார். ரொம்ப நல்ல மருந்தாவே வரலாம்," என்றார். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள்.

"வரட்டுங்க. வர்றப்ப நான் ஊட்டுல இருக்க மாட்டேன். பக்கத்து ஊட்டுல குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள்.

டாக்டர் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச் மாதம் ஒரு மழை பெய்து மஞ்சக்குட்டை முழுக்கக் காப்பி பூத்திருந்தது. வாரம் ஒரு கீமோ என்று புது மருந்து தொடங்கியிருந்தார்கள். அக்கா இப்போது ஒன்றுகூடத் தவறவிடவில்லை. மாமாவே கூடப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த மூன்று வாக்கியங்களையும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று அப்போதும் எனக்குத் தெளிவில்லை. மாமா வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாளை வாங்கி எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"அந்தச் செய்தியோட அடியில."

"எங்கடா போச்சு?"

"நான் எடுத்துட்டேன்க்கா."

"எதுக்கு?"

"எடம் பத்தல."

"என்ன வந்துச்சு அந்த எடத்துல?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "மலர்க் கண்காட்சி விளம்பரம்," என்றேன்.

அவள் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மாமா கையில் மிளகோடு ஓடிவந்தார்.

"ஏனுங்க, கேட்டீங்களா? போன வருசம் பேப்பர்ல பெரிசாப் போட்டிருக்கான், போலாம் வாங்கன்னு உங்கள இழுத்துட்டுப் போனனே, பூக்காட்சிக்கு? அதுக்கு எடம் உட்டுத்தான் எந்தம்பி எனக்குச் சேதி சொல்லாம உட்டுட்டானாமா."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டேலியா நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அக்கா. "தட்டுத் தட்டா. கூட்டந்தான் தாங்கல."

"அக்கா..."

"அழுவாத. ஆம்பள அழுதா எனக்கு எரிச்சலா வருது. அன்னிக்குப் பஸ்ஸுல உன்னைய மகராணி தம்பியாட்டம் கூட்டிட்டுப் போனேன். போ, சமையக்கட்டுல சோத்துப் பானை இருக்கும். ரெண்டு பருக்க எடுத்துட்டு வா."

கொண்டுவந்து கொடுத்தேன். நோட்டைப் பிரித்து, பருக்கையை விரலால் நசுக்கி, தாளின் பின்னால் தடவி, செய்திக்கு நேர் கீழே வைத்து ஒட்டினாள். உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினாள். ஓரம் கோணலாக இருந்ததைப் பார்த்து, பிரித்து, மறுபடி நேராக ஒட்டினாள்.

நான் கிளம்பும்போது மாமா ஜீப் நிற்கும் இடம் வரை வந்தார். இருபத்தேழு வருடமாக என்னை மாப்ள என்று கூப்பிட்டவர். ஜீப் வந்ததும், "பாத்துப் போங்க சார்," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிடவில்லை. மறுமாதத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பேப்பர் போடுவது நின்றது. ஏஜெண்டு என்னிடம்தான் வந்து, "என்னங்க, சொந்த ஊட்டுலயே நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார்.

உடல்நலப் பக்கத்தை நான் இன்னும் ஐந்து மாதம் பார்த்தேன். அடியிலிருந்து வெட்டவில்லை. நடுவில் வெட்டினேன், சில சமயம் படத்தைச் சிறிதாக்கினேன், ஒரு முறை தலைப்பையே ஒரு வரி குறைத்தேன். பக்கம் பார்க்க நன்றாக இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், பக்கம் இப்போது அழகாக வருகிறது. அதன் அடியில் என்ன இருந்தது என்று படிக்கிற யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

அக்கா அக்டோபரில், கட்டி இன்னதென்று உறுதியாகி ஒரு வருடமும் ஐந்து நாளும் ஆனபோது, காலை ஒன்பது மணிக்கு வீட்டில் இறந்தாள். அந்த வருடப் பழம் பழுக்கத் தொடங்கியிருந்தது. கடைசி இரண்டு வாரம் அவள் உதடு முழுக்கக் கொப்புளங்கள் இருந்தன. மாமா அவற்றுக்கு டாக்டர் கொடுத்த களிம்பை நாளுக்கு ஐந்து வேளை தடவினார். நான் தடவுகிறேன் என்றபோது விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின், மாமா உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "உங்களதுங்க சார்," என்றார். ஜீப்பில் வரும்போது பிரித்தேன். அவளுடைய பக்கங்கள் முழங்கால் வலியில் தொடங்கி வரிசையாக இருந்தன. அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு வந்த எதுவும் ஒட்டப்படவில்லை. அந்த மே மாதச் செய்திக்குக் கீழே நான் கொண்டுபோன தாள் இருந்தது, பருக்கை காய்ந்து ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது. தாளுக்குக் கீழே இன்னும் அரைப் பக்கம் காலியாக இருந்தது.